முட்டுக்கு வந்த உறை

கோவில்பட்டியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த அக்கா ஒருவர், "அண்ணாச்சி, முட்டுக்குப் போடுற உறை இருந்தா ஒண்ணு குடுங்க" என்பார். பின்னாலேயே ஹாக்கி மட்டையோடு ஒரு பையன் கணுக்காலுக்குக் கேட்டு வருவான். அவனுக்கும் பின்னால் இடுப்பைப் பிடித்தபடி ஒரு லாரி டிரைவர். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து, ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "எம் சைஸ் சரியா இருக்கும்" என்று நீட்டுவார். ஒரு காலத்தில் எலும்பு டாக்டர் சீட்டு எழுதி, அதற்கென்று இருந்த கடையைத் தேடிப் போய் வாங்கிய சாமான், இன்று தலைவலி மாத்திரைக்கும் பால்பவுடருக்கும் நடுவே தொங்குகிறது.

வாங்கிய பெட்டியை வீட்டில் பிரித்துப் பாருங்கள். ஒரு துணி. அதை நிமிர்த்திப் பிடிக்க ஒரு விறைப்பு. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் இழை. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் பட்டை. இந்த நான்கும் நான்கு திசையிலிருந்து, ஒன்றை ஒன்று அறியாமல் புறப்பட்டு வந்தவை. அவை நம் முட்டில் வந்து சந்தித்த கதை சுமார் 4,500 வருட நீளமுடையது.

முதலில் வந்தது விறைப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் நாகா எத்-தேர் என்ற இடத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது, தொடை எலும்பு முறிந்த ஒரு சிறுமியின் உடல் கிடைத்தது. முறிந்த காலைச் சுற்றி நான்கு மரப்பத்தைகள். ஒவ்வொரு பத்தையிலும் தனித்தனியாக லினன் துணி சுற்றியிருந்தது. எலும்பு கூடவில்லை, கட்டுப் போட்ட சில நாட்களிலேயே அந்தப் பெண் இறந்திருக்க வேண்டும். அந்த உடலை ஆராய்ந்த எலியட் ஸ்மித், உலகின் மிகப் பழைய எலும்புக்கட்டு என்று அதைப் பற்றி எழுதினார். அந்த மரத்துண்டை விட அதைச் சுற்றியிருந்த துணிதான் என் மனத்தில் நிற்கிறது. மரம் தோலில் உறுத்தக் கூடாது என்று யாரோ ஒருவர் அன்றைக்கே நினைத்திருக்கிறார்.

நம் பக்கத்துப் பழைய மருத்துவர் சுஸ்ருதர் எலும்புக்கட்டுக்கு ஏற்ற மரப்பட்டைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: இலுப்பை, அத்தி, அரசு, ஆல், மருது, மூங்கில். எல்லாம் நம் ஊர் மரங்கள். தெற்கத்தி எலும்பு வைத்தியர்கள் இவற்றில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்கள். மூங்கிலைப் பிளந்து, சீவி, விளிம்பு வெட்டாமல் தேய்த்து எடுத்தால் தப்பை. மூங்கில் எடை குறைவு, வளையும், உடையாது, வெயில் காலத்தில் காற்றும் போகும். கட்டுக்குள் வைக்க வேலியோரத்திலேயே மருந்து இருந்தது. பிரண்டையும் எலும்பொட்டியும் கரிசல் காட்டுக்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத பெயர்கள். அதற்கு மேலே உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்த பத்து. காய்ந்தால் அது ஓடு போல இறுகிவிடும். இங்கே உளுந்து விளையாத காடு கிடையாது என்பதால் மருந்துச் செலவு முட்டை விலைதான்.

சித்தூர் பக்கம் புத்தூர் கட்டு 1881இல் தொடங்கியது என்பார்கள். வேட்டைக்குப் போன கேசவ ராஜு, அடித்த முயலைக் காட்டு இலையில் சுற்றி எடுத்து வந்தாராம். வீட்டில் வந்து பிரித்தால் அதன் ஒடிந்த எலும்பு கூடியிருந்ததாம். கதை நடந்ததா என்பது இருக்கட்டும். பிராணியிடமிருந்து மனிதருக்கு வந்த வைத்தியம் என்ற கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தேசத்திலும் அது வரப்போகிறது.

நல்ல வைத்தியர் கட்டுப் போட்டவுடன் செய்யும் வேலை ஒன்று உண்டு. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நுனியை அமுக்கிப் பார்ப்பார். வெளுத்து, உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. நீலம் பாரித்தாலோ மரத்தாலோ கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். இதைச் செய்யாதவர்களால் விரலையும் காலையும் இழந்தவர்களும் உண்டு. கட்டின் கலை முழுக்க இந்த இறுக்கத்தின் அளவில்தான் இருக்கிறது.

அடுத்த விறைப்பு கல்லிலிருந்து வந்தது. நிலக்கடலை போடும் விவசாயிக்கு ஜிப்சம் தெரியும். காய் பிடிக்கும் பருவத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ போட்டு மண் அணைப்பார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் உள்ள பருப்புக்கும் உடைந்த காலில் போடும் கட்டுக்கும் உறவு இந்த ஜிப்சம்தான். அதை வறுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்த மாவில் தண்ணீர் விட்டால், போன தண்ணீரைத் திரும்பக் குடித்துச் சூடேறி, சில நிமிடத்தில் கல்லாகிவிடும். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் இந்தக் கல்லை நிறைய வெட்டியதால் பெயர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

ஆனால் காலுக்கு அதைப் போடும் யோசனை பாரிஸிலிருந்து வரவில்லை. பாஸ்ராவில் இருந்த வில்லியம் ஈட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, அங்குள்ள அரபு வைத்தியர்கள் உடைந்த காலைச் சுற்றி ஜிப்சக் கூழை வார்த்து வைப்பதைப் பற்றி 1798இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். ஐரோப்பிய டாக்டர்கள் செய்து பார்த்தார்கள். கால் ஒரு கல் பெட்டிக்குள் மாட்டியது போல ஆனதே தவிர நோயாளி கட்டிலை விட்டு அசைய முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதைசன் ஒரு சின்ன மாற்றம் செய்தார். கூழை வார்ப்பதை விட்டுவிட்டு, உலர்ந்த மாவைப் பருத்தித் துணிச் சுருளில் தேய்த்து வைத்துக்கொண்டார். வேண்டும்போது நனைத்துச் சுற்றினால் போதும். 1852இல் அதைப் பற்றி எழுதியும் வைத்தார். ருஷ்யாவில் நிக்கொலாய் பிரகோவ் இதே வேலையை ஒரு சிற்பியின் பட்டறையில் பார்த்துக் கற்றுக்கொண்டு, கிரிமியப் போரில் ஏராளமான சிப்பாய்களுக்குப் போட்டார்.

இந்தக் கட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? மாவுக்கட்டு. வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில் வெள்ளை மாவைத் துணியில் சுற்றிக் கட்டியதைப் பார்த்த நம் ஆட்கள், உளுந்து மாவுக் கட்டின் தம்பி என்று அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெயர் வைத்ததில் தவறே இல்லை.

இப்போது அந்த இன்னொரு தேசம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், வேல்ஸ் கரையை ஒட்டிய ஆங்கிள்சி தீவில் ஒரு கப்பல் உடைந்து, பேசும் மொழி யாருக்கும் புரியாத ஒரு சிறுவன் கரை ஒதுங்கினான். எந்த நாட்டுப் பிள்ளை என்று கடைசி வரை ஊருக்குத் தெரியவில்லை. ஏவன் தாமஸ் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அவன் ஆடுமாடுகளின், பறவைகளின் ஒடிந்த காலைச் சேர்த்துக் கட்டுவதில் கெட்டிக்காரனாக இருந்தான், பிறகு மனிதர்களுக்கும் கட்டினான். அவன் வம்சமே எலும்பு கட்டும் வம்சமாயிற்று. அந்த வழியில் வந்த ஹியூ ஓவன் தாமஸ் முறைப்படி மருத்துவம் படித்து, லிவர்பூல் துறைமுகத்துக் கூலித் தொழிலாளர்களுக்கு நடுவே வைத்தியம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசம். அவர் வீட்டோடு ஒரு கொல்லனும் தோல் தைப்பவரும் வேலை செய்தார்கள். நோயாளி உள்ளே வந்தால் காலை அளப்பார்கள். இரும்புக் கம்பி வளைந்து, தோல் சுற்றி, அந்த ஒரு காலுக்கு மட்டும் பொருந்தும்படி ஒரு தாங்கி தயாராகும்.

1891இல் தாமஸ் இறந்தபோது மருத்துவ உலகம் அவரைப் பெரிதாக மதித்திருக்கவில்லை. அவரிடம் தொழில் கற்ற உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ் அந்தக் கம்பிச் சட்டத்தை முதல் உலகப் போருக்கு எடுத்துக்கொண்டு போனார். குண்டடிபட்டுத் தொடை எலும்பு முறிந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வரை இறந்துகொண்டிருந்த காலம் அது. 1917 ஆராஸ் போரில், தாமஸ் சட்டம் மாட்டிக் கொண்டுவரப்பட்டவர்களில் இறந்தவர்கள் ஆறில் ஒருவர் அளவுக்குக் குறைந்தார்கள். இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டும் என்று ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்களாம். ஒரு கொல்லுப்பட்டறைச் சாமான் காப்பாற்றிய உயிர்களின் கணக்கு இது.

விறைப்பு இதோடு நிற்கட்டும். இழுபடும் இழைக்கு வருவோம், ஏனென்றால் கதை இங்கேதான் நம் மண்ணை மிதிக்கிறது.

ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்பதை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அவருடைய மாதிரித் துண்டு ஒன்று இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஹான்காக் அதை ஆராய்ந்து பார்த்து, குட்இயர் விழித்துக்கொள்வதற்குள் ஆங்கிலேயக் காப்புரிமையை வாங்கிவிட்டார். குட்இயர் கடனாளியாகவே செத்தார். அந்த ரப்பரை நூலாக்கித் துணியில் சேர்த்துக் காலுறை, இடுப்புப்பட்டை என்று செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆனால் ரப்பரே இல்லாமல் பருத்தியை இழுபட வைக்க ஒரு வழி உண்டு. நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முறுக்கு. நூலுக்கு அளவுக்கு மீறி முறுக்கு ஏற்றினால் அது தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும். அதைப் பாவாக ஓட்டி நெய்து, வெந்நீரில் போட்டால் துணி நீளவாக்கில் சுருங்கும், இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அதுதான் க்ரேப் பேண்டேஜ். அமெரிக்காவில் இது மாதிரியான கட்டுத்துணிக்கு 1918இல் பெயர் வைக்க டாக்டர்களிடையே போட்டி வைத்தார்கள். வென்ற பெயர் ஏஸ். முழுப் பருத்தி, இழுபடும் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து.

கரிசல் காட்டுப் பருத்தி அதற்கு ரொம்ப காலம் முன்பே கடல் தாண்டியிருந்தது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் போன வழியில்தான் கோவில்பட்டி இருக்கிறது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் பொதிகள் துறைமுகம் போய்க் கப்பலேறின. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கருங்கண்ணிப் பருத்தியை வடித்தெடுத்து, கோவில்பட்டியின் முதலெழுத்தையே பெயராகக் கொண்ட ரகங்களை அது வெளியிட்டது. கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. குட்டை இழை, கொஞ்சம் முரடு. மெல்லிய வேட்டி நெய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த இனத்துப் பருத்திக்குத்தான் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதிகம். புண்ணுக்கு வைக்கும் பஞ்சுக்கு அந்த முரட்டு இழைதான் வேண்டும்.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நூற்பாலை தொடங்கினார். 1939இல், இரண்டாம் உலகப் போர் மூண்ட அதே வருடம், ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்ஸ் ஆரம்பமானது. பக்கத்துச் சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் பேண்டேஜ் துணிக்கென்றே தறி ஓட்டும் ஊர்களாயின. கைத்தறி போய் விசைத்தறி வந்தது. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வலை போல மெல்லிய துணி சுருள்சுருளாக இறங்கிக்கொண்டிருக்கும். நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற துணி. நெய்கிறவர்களோ நாள் முழுக்கத் தறிக்கு முன்னால் நிற்பவர்கள், கூலி உயர்வு கேட்டு அவ்வப்போது தறியை நிறுத்த வேண்டியிருப்பவர்கள். ஊர் ஊருக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிறவருக்கே முதலில் முட்டுவலி வருகிறது என்பது எனக்கு எளிதில் கடந்து போக முடியாத விஷயம்.

பட்டறையில் அளந்து செய்யும் பழக்கம் நம் ஊரில் கடைசியாக உயிரோடு இருந்தது போலியோ காலத்தில். இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் கனத்த பூட்ஸும் சேர்ந்த காலிப்பரை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். லிவர்பூல் கொல்லன் செய்ததன் பேரப்பிள்ளைதான் அது. பிள்ளை வளர வளரக் காலிப்பரையும் மாற்ற வேண்டும். கோவில்பட்டியிலிருந்து மேற்கே, தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். எத்தனையோ பிள்ளைகள் அங்கே நடக்கக் கற்றார்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது. அதற்குப் பிறகு காலிப்பர் அடிக்கும் சத்தம் குறைந்து போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் காலைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் வரைந்து அளவெடுக்கும் கை அதோடு அருகிப்போனது.

நான்காவது பட்டை. கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடந்தவர்களுக்கு நாயுருவியும் ஒட்டுப்புல்லும் வேட்டிக் கரையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருவது பழக்கம். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவோம். 1941இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் த மெஸ்த்ரால் வேட்டைக்குப் போய்த் திரும்பினார். அவர் நாயின் மயிரிலும் இப்படி ஒரு செடியின் காய்கள் ஒட்டியிருந்தன. அவர் பிய்த்துப் போடாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுனியெல்லாம் கொக்கி. ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் வளையம் என்று நைலானில் அதைச் செய்து முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. பெயர் வெல்க்ரோ. 1978இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கிழக்காசியத் தொழிற்சாலைகள் அதே பட்டையைக் கிலோக் கணக்கில் செய்து தள்ளின. அந்த நகல்கள் மட்டும் வராதிருந்தால் கோவில்பட்டிக் கடையில் இடுப்பு பெல்ட் இந்த விலைக்குக் கிடைத்திருக்காது.

கறுப்பாக, தடிமனாக, மெத்தென்று இருக்கும் உறைகளுக்கு வேறொரு பூர்வீகம். 1930இல் டூபாண்ட் கம்பெனியில் ஆர்னல்ட் காலின்ஸ் ஒரு திரவத்தை எடுத்து வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் கெட்டியாகிக் கிடந்தது, மேஜையில் போட்டால் துள்ளியது. அதுதான் நியோப்ரீன். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், காற்றுக்குமிழ் நிறைந்த நியோப்ரீனில் உடை தைத்தால் குளிர்ந்த கடலில் மூழ்குபவரின் உடல் சூடு போகாது என்று கண்டார். அவர் காப்புரிமை வாங்கவில்லை. மற்றவர்கள் விற்றுச் சம்பாதித்தார்கள். உடல் சூட்டை வெளியே விடாத அந்தத் துணியையே முட்டுக்கும் தைத்தார்கள். பசிபிக் கடலின் குளிருக்காகப் பிறந்த சரக்கு, கத்திரி வெயிலில் எட்டயபுரம் ரோட்டில் நடக்கிறவர் முட்டில் ஏறினால் என்ன ஆகும்? வேர்வை, அரிப்பு, வேர்க்குரு. நம் வெயிலுக்குப் பனியன் போல வட்டப் பின்னலில் வரும் பருத்தி, நைலான் கலந்த மெல்லிய உறைதான் தோது.

பின்னல் உறை, ஒட்டுப்பட்டை, நியோப்ரீன் மூன்றும் சேர்ந்ததும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஆளுக்கு அளந்து செய்ய வேண்டிய தேவை இல்லை, எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நாலைந்து அளவில் செய்து அடுக்கிவிடலாம். மொஹாலியின் டைனர், மும்பையின் விஸ்கோ, கேரளத்து ஆலுவாவின் டைனா எல்லாம் இந்த அலையில் ஊர் ஊராக வந்து சேர்ந்த பெயர்கள். 2022 ஜூலை 18 முதல் இந்தச் சாமான்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குகிறவர்களும் மாறினார்கள். எலும்பு முறிந்தவரை விட, முட்டு தேய்ந்தவரும் பைக்கில் விழுந்தவரும் ஓடி விளையாடுகிறவருமே இன்று அதிகம் வாங்குகிறார்கள். ஆயுள் கூடிய ஊரில் முட்டுகளும் அதிக காலம் உழைக்க வேண்டியிருக்கிறது. செல்போனில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. கூடவே, பிரபலமான பெட்டியின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே காப்பியடித்த போலிச் சரக்கும் வருகிறது.

இந்த உறை உண்மையில் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேய்ந்ததை அது திரும்ப வளர்க்காது, எலும்பைத் தூக்கி நிறுத்தவும் செய்யாது. தோலை அணைத்துப் பிடிப்பதால் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு கூடுகிறது, காலை நம்பி ஊன்ற முடிகிறது, வலி கொஞ்சம் அடங்குகிறது. அந்தக் கொஞ்ச நிம்மதியில் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால்தான் மேற்கொண்டு பலன். ராத்திரி தூங்கும்போதும் கழற்றாமல் இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பிசியோதெரபிஸ்டுகள் கண்டிப்பதற்குக் காரணம் உண்டு. வேலையே இல்லாத தசை சோம்பிப் போகும்.

எங்கள் பெரியம்மா நாற்பது வருடம் பருத்தி எடுத்தவர். போன தை மாதம் போயிருந்தபோது முட்டு உறையை அவிழ்த்துக் காட்டினார். உறை நின்ற இடத்தில் மேலும் கீழும் கயிறு கட்டியது போல இரண்டு தடம், கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "வலி போகும்னு இறுக்கமா வாங்குனேன்யா" என்றார். பெட்டியைத் தேடி எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் அட்டவணை இருந்தது: முட்டுச் சிப்பிக்கு மேலே எங்கே அளக்க வேண்டும், எத்தனை அங்குலத்துக்கு எந்தச் சைஸ் என்று. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், தமிழில் ஒரு எழுத்து இல்லை.

எதிர்வீட்டு டெய்லரிடம் இஞ்ச் டேப் வாங்கி வந்தேன். பெரியம்மா சேலையை முட்டுக்கு மேலே கொஞ்சம் ஒதுக்கி, கூச்சத்தோடு காலை நீட்டினார். நின்ற நிலையில் ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது எம். அட்டவணைப்படி வேண்டியது எக்ஸ்எல். மறுநாள் புதிது வாங்கி மாட்டியதும், எட்டு வைத்து நடந்து பார்ப்பதற்கு முன்னால், குனிந்து கால் பெருவிரலை அமுக்கிப் பார்த்தார். வெளுத்து, சிவந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். சின்ன வயதில் கை ஒடிந்தபோது தப்பை வைத்துக் கட்டிய வைத்தியர் தினமும் வந்து அப்படித்தான் பார்ப்பாராம்.